பின் ஆக்சிலுக்கு எது: லிமிடெட் ஸ்லிப்பா, லாக்கரா?

பள்ளம்தாண்டி:
நேற்று குறுக்குப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டேன். பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் சுற்றுகிறது, தரையில் இருப்பது அசையவே இல்லை. வாரம் முழுக்க தார்ச்சாலை, விடுமுறையில்தான் காடு மேடு. இரண்டு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் கியர் அமைப்பான டிஃபரன்ஷியலை மாற்றலாம் என்றிருக்கிறேன். ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதை ஓரளவு தடுக்கும் லிமிடெட் ஸ்லிப்பா, இரண்டையும் சேர்த்துப் பூட்டும் லாக்கரா, எதைப் போடலாம்?

கல்லும்முள்ளும்:
லாக்கர்தான், யோசிக்கவே வேண்டாம். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே அளவு டார்க்தான் (சுழற்று விசை) தரும். அந்தரத்துச் சக்கரத்தைச் சுற்ற ஏறக்குறைய எதுவும் வேண்டாம், அதனால் மற்றதுக்கும் அவ்வளவுதான். லாக்கர் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடும். பிடிப்பு இருக்கும் பக்கம் மொத்த டார்க்கும் போகும்.

நிதானம்:
அந்த 'மொத்த டார்க்கில்'தான் வினையே. அந்தப் பக்கச் சக்கரத்தைச் சுழற்றும் ஒற்றை ஆக்சில் தண்டு அத்தனையும் தாங்க வேண்டும். பாறையிடுக்கில் டயர் சிக்கியபோது ஆத்திரத்தில் மிதித்து ஒரு தண்டை முறித்தவன் நான். ஐந்து நாள் தார்ச்சாலையில் ஓட்டுபவருக்கு லிமிடெட் ஸ்லிப் போதும். அது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

கல்லும்முள்ளும்:
தார்ச்சாலையில் லாக்கரை அணைத்துவிட்டால் அதுவும் சாதாரண டிஃபரன்ஷியல்தானே? காற்றிலோ மின்சாரத்திலோ பூட்டுகிற வகையைச் சொல்கிறேன், வளைவில் டக் டக் என்கிற தானியங்கி வகையை அல்ல. டோர்சன் மாதிரி கியர் வகை லிமிடெட் ஸ்லிப், வழுக்குகிற சக்கரம் தாங்கும் டார்க்கை மூன்று மடங்கோ நான்கு மடங்கோ ஆக்கி மற்றதுக்குத் தரும். பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்! அவர் மாட்டியதே அங்கேதான்.

நிதானம்:
பிரேக்கை லேசாக மிதித்தபடி ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அந்தரத்துச் சக்கரத்துக்கும் தடை கிடைக்கும், பூஜ்யம் பூஜ்யமாக இருக்காது. உரசும் தட்டுகளால் வேலை செய்யும் கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப் என்றால் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் அழுத்தத்திலேயே கொஞ்சம் இழுக்கும்.

கல்லும்முள்ளும்:
கொஞ்சம்தான். அந்தத் தட்டுகள் தேய்ந்தபிறகு?

நிதானம்:
தேயும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஈரமான பக்கச்சரிவில் லாக்கரைப் போட்டுப் பாருங்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து வழுக்கினால் வண்டியின் பின்பாதி சரிவில் இறங்கிவிடும். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒன்று சுற்றினாலும் மற்றது நங்கூரம் மாதிரி பிடித்து நிற்கும்.

கல்லும்முள்ளும்:
அதற்குத்தான் சுவிட்ச் இருக்கிறது.

பள்ளம்தாண்டி:
நான் மாட்டுவதெல்லாம் குறுக்குப் பள்ளத்தில்தான், சரிவுப் பக்கம் போவதில்லை. சரி, சுவிட்ச் வைத்த லாக்கரே போடுகிறேன். தண்டு முறியாமல் இருக்க வழி சொல்லுங்கள், நிதானம்.

நிதானம்:
பள்ளத்தில் இறங்குமுன்பே பூட்டுங்கள். சக்கரம் வெறுமனே சுற்றும்போது பூட்டவே கூடாது. பூட்டியபின் ஸ்டியரிங்கை முடிந்தவரை நேராக வைத்து மெதுவாக ஏறுங்கள். கெட்டித்தரை வந்ததும் முதல் வேலையாக அணைத்துவிடுங்கள். நான் மறந்தது அந்த 'மெதுவாக' என்பதைத்தான்.