விவாகரத்தான பெற்றோரில் யாருடைய வருமானத்தை ஃபாஃப்சாவில் (அமெரிக்கக் கூட்டரசின் கல்லூரி உதவித்தொகை விண்ணப்பப் படிவம்) காட்ட வேண்டும்?

மழைத்துளி:
அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்களுக்கு விவாகரத்து ஆனது. இங்கேயே பிறந்த மகள் என்னுடன்தான் இருக்கிறாள். விடுமுறையில் மட்டும் டெக்சாஸில் இருக்கும் தந்தையிடம் போய் வருவாள். என் ஆண்டு வருமானம் 52,000 டாலர். அவர் அதைப்போல் மூன்று மடங்கு ஈட்டுகிறார், மறுமணமும் செய்துகொண்டார். மகளுக்காக மாதம் 1,400 டாலர் பராமரிப்புத் தொகையைத் தவறாமல் அனுப்புகிறார். 2026-27 கல்வியாண்டுக்கு விண்ணப்பிக்கிறோம். பிள்ளை யாரிடம் வளர்கிறதோ அவருடைய வருமானத்தை மட்டும் காட்டினால் போதும் என்கிறார் தோழி ஒருவர். அது சரியா?

டல்லாஸ்வாசி:
உங்கள் தோழி சொல்வது 2023-24 வரை இருந்த விதி, சகோதரி. 2024-25 முதல், பிள்ளை எந்த வீட்டில் அதிக நாள் தங்கியது என்பது கணக்கில் வராது; விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் யார் அதிகப் பொருளாதார ஆதரவு அளித்தார் என்பதே கேள்வி. வீடு, சாப்பாடு, துணிமணி, மருத்துவம், கார்ச் செலவு எல்லாம் அதில் அடங்கும். இருவர் பங்கும் சமமாக இருந்தால், வருமானமும் சொத்தும் அதிகம் உள்ளவரே விவரம் தர வேண்டும்.

பலரும் தவறுவது இங்கேதான்: அவர் அனுப்பும் தொகையிலிருந்து நீங்கள் மகளுக்குச் செலவழிப்பது அவருடைய ஆதரவாகவே கொள்ளப்படும், உங்களுடையதாக அல்ல. மாதம் 1,400 என்றால் ஆண்டுக்கு 16,800 ஆகிறது. அதற்கு மேல் உங்கள் சொந்தச் சம்பளத்திலிருந்து நீங்கள் போட்டது எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள். அவர் பங்கு அதிகம் என்றால், அவருடைய 2024ஆம் ஆண்டு வருமானத்தோடு இப்போதைய மனைவியின் வருமானமும் சேரும். திருமணத்துக்கு முன் அவர்களுக்குள் என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் இது மாறாது. அந்த மனைவிக்கு இதில் என்ன தொடர்பு என்று கோபம் வருவது இயல்புதான், ஆனால் சட்டம் அப்படி. விவரம் தர வேண்டியவர் வரித் தகவலைப் பகிர ஒப்புதல் அளிக்காவிட்டால், மகளுக்குக் கூட்டரசின் உதவித்தொகை எதுவும் கிடைக்காது.

கணக்குப்படி நீங்களே விவரம் தர வேண்டியவர் என்றால், பெற்ற பராமரிப்புத் தொகையை இப்போது வருமானமாக அல்ல, சொத்தாகக் காட்டுவீர்கள். அதன் பாதிப்பு முன்பைவிடக் குறைவு.

பாலாற்றங்கரை:
தனியார் கல்லூரிகளுக்கும் விண்ணப்பிக்கிறீர்களா? அவற்றில் பல, காலேஜ் போர்டு என்ற அமைப்பின் சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்னும் உதவித்தொகைப் படிவத்தில் பெற்றோர் இருவரின் விவரங்களையும் தனித்தனியாகக் கேட்கும். ஃபாஃப்சா கண்டுகொள்ளாத, குடியிருக்கும் வீட்டின் மதிப்பைக்கூடச் சில கல்லூரிகள் பார்க்கும். தந்தையின் விவரத்திலிருந்து விலக்குக் கோரலாம், ஆனால் அது நெடுங்காலமாகத் தொடர்பே இல்லாதவர்களுக்கும் கொடுமைக்கு ஆளானவர்களுக்கும் உரியது. என் மகனுக்காக நான் கேட்டபோது, தர மறுப்பது வேறு, தொடர்பு இல்லாதது வேறு என்று அந்தக் கல்லூரி ஒரே வரியில் முடித்துவிட்டது. அந்த ஆண்டு அந்தக் கல்லூரியையே நாங்கள் விட்டுவிட்டோம்.

வழக்கறிஞர் அல்லாதவன்:
நியூ ஜெர்சி என்பதால் ஒன்று சொல்கிறேன். பிள்ளையின் கல்லூரிச் செலவில் விவாகரத்தான பெற்றோருக்கும் பங்கு உண்டு என்று நீதிமன்றம் ஆணையிட முடியும். 1982இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் நியூபர்க் எதிர் அரிகோ வழக்கில் அதற்கான அளவுகோல்களை வகுத்தது. உங்கள் விவாகரத்து உடன்படிக்கையில் கல்லூரிச் செலவு பற்றி ஏதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மழைத்துளி:
மூவருக்கும் நன்றி. வாடகையில் மகளின் பங்கையும் சேர்த்துக் கூட்டினேன். 12 மாதச் செலவு ஏறத்தாழ 29,000 டாலர் வருகிறது. அதில் பாதிக்கு மேல் அவர் அனுப்பிய பணம்தான். ஆகவே படிவத்தில் அவரையே சேர்க்க வேண்டும். உடன்படிக்கையில் கல்லூரி பற்றி ஒரு பத்தி இருக்கிறது, இத்தனை நாள் நான் அதைப் படித்ததே இல்லை. அப்பாவிடம் தானே பேசுவதாக மகள் சொல்லியிருக்கிறாள்.