எந்தப் பக்கமும் சேராமல் ஆர்பிஜி ஆடுவது ரோல்பிளேயா, தப்பித்தலா?

ஒதுங்கிப்போறவன்:
ஸ்கைரிம் என்ற ஆர்பிஜியை (ஒரு கதாபாத்திரத்தின் வேடம் ஏற்று ஆடும் கேம்) மறுபடியும் ஆரம்பித்திருக்கிறேன். இந்த முறை நாட்டை ஆளும் இம்பீரியலும் இல்லை, அவர்களை எதிர்த்துக் கிளம்பிய ஸ்டார்ம்கிளோக்கும் இல்லை. கதை தொடங்கும் ஹெல்கன் ஊரில் மரணதண்டனையிலிருந்து தலை தப்பியதும் என் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டேன். இதைச் சொன்னால் கூட ஆடுகிறவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். "அப்போ நீ பாதி கேமே ஆடலையே" என்கிறார்கள்.

சரி, யார் பக்கம் சேரச் சொல்கிறீர்கள்? ஒருவர் ஸ்டார்ம்கிளோக் தலைவர் உல்ஃப்ரிக். அவருடைய வின்ட்ஹெல்ம் நகரத்தில் டார்க் எல்ஃப்கள் கிரே குவார்ட்டர் என்ற சேரியில்தான் கிடக்கிறார்கள். இன்னொரு பக்கம் எம்பயர், அதாவது இம்பீரியல் ஆட்கள். பட்டியலில் என் பெயரே இல்லை என்று தெரிந்த பிறகும் என் கழுத்தை வெட்டுக்கட்டையில் வைத்தவர்கள் அவர்கள். இதில் ஒருவருக்காக நான் ஏன் வாள் தூக்க வேண்டும்?

ஃபேன்டசி கேம் எழுதுகிறவர்களுக்கு நடுநிலை என்றாலே ஏனோ ஆகாது. கெரால்ட் என்ற அரக்கவேட்டைக்காரனாக நாம் ஆடும் விட்சரைப் பாருங்கள். 2007-இல் வந்த முதல் பாகத்தில் ஆர்டர் என்ற வீரர் சங்கம், ஸ்கோயாடேல் என்ற மனிதரல்லாத கிளர்ச்சிக்காரர்கள், இரண்டும் வேண்டாம் என்று மூன்று வழிகள் இருந்தன. 2011-இல் வந்த இரண்டாம் பாகத்தில் டெமெரியா நாட்டுத் தளபதி ரோஷ் அல்லது ஸ்கோயாடேல் தலைவன் இயோர்வெத், அவ்வளவுதான். நடுநிலைக்கே பேர்போன கெரால்ட்டுக்கே இந்தக் கதி.

இரும்புவாள்:
தல, நீங்கள் சொல்வது நடுநிலை இல்லை, வேடிக்கை பார்ப்பது. எம்பயருக்குப் பழைய பகையான எல்ஃப் ஆட்சிக்குழு தால்மோரின் தூதரகத்துக்குள் புகுந்து உல்ஃப்ரிக் பற்றிய கோப்பை எடுத்துப் படித்தீர்களா? தால்மோருக்கு வேண்டியது என்ன என்று அதில் பச்சையாகவே எழுதியிருக்கிறது. போர் இழுத்துக்கொண்டே போக வேண்டும், ஸ்டார்ம்கிளோக்கும் ஜெயித்துவிடக் கூடாது. நீங்கள் சேராத வரை அந்தப் போர் ஓர் அங்குலம்கூட நகராது. ஒரு கோட்டை கைமாறாது, ஒரு யார்ல் (பகுதித் தலைவர்) மாற மாட்டார். அதாவது தால்மோர் ஆசைப்பட்ட அதே தேக்கத்தைச் சம்பளம் வாங்காமல் அவர்களுக்குச் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இரண்டு பக்கமும் அழுக்கு என்பது சரிதான். அழுக்கில்லாத பக்கம் வந்தால்தான் சேருவேன் என்றால் எந்த ஆர்பிஜியிலும் சேர முடியாது. எது குறைந்த கேடு என்று பார்த்து, கை வைத்து, அதன் விளைவையும் சுமப்பதுதான் விளையாட்டு.

ஒதுங்கிப்போறவன்:
கோப்பைப் படித்தேன். போர் நகராமல் நிற்பது கேமைச் செய்த பெதஸ்டா எழுதிய நிரலின் குறை, என் நடுநிலையின் குறை இல்லை. பிளேயர் வந்து தொட்டால்தான் எதுவும் அசையும் என்று உலகத்தைக் கட்டிவிட்டு, தொடாதவனைக் குற்றம் சொல்வது என்ன நியாயம்?

அப்புறம் வைட்ரன் யார்ல் பால்க்ரூஃபை மறந்துவிட்டீர்கள். அந்த நாட்டில் இரு தரப்புக்கும் இழுபடாமல் நிற்பவர் அவர். உள்நாட்டுப் போரில் நாம் சேர்ந்த பிறகுதான் அவருக்கு நெருக்கடி வருகிறது, அவர் ஊர் முற்றுகைக்கு ஆளாகிறது. ஸ்டார்ம்கிளோக் பக்கம் போனால் அவரை நாமே இறக்க வேண்டும். என் சேவ் ஃபைலில் அவர் இன்னும் யார்லாகத்தான் இருக்கிறார், வைட்ரன் சுவரில் ஒரு கல்லும் விழவில்லை. இதை நான் செய்த நல்லதில் சேர்க்க மாட்டீர்களா?

போரை முடிக்காமல் மெயின் குவெஸ்டில் (முதன்மைக் கதைப் பணியில்) போனால் ஹை ஹ்ரோத்கர் மடத்தில் சமாதானக் கூட்டம் வரும். போரில் சேர்ந்து ஒரு பக்கத்தை ஜெயிக்க வைத்தவர்களுக்கு அந்தக் கூட்டமே கிடையாது. கேமிலேயே அருமையான அரசியல் காட்சிகளில் ஒன்று அது. பாதி கேமை ஆடாதவர் யார் என்று இப்போது சொல்லுங்கள்.

இரும்புவாள்:
அந்தக் கூட்டத்தில் என்ன செய்தீர்கள்? மார்கார்த் யாருக்கு, ரிஃப்டன் யாருக்கு என்று ஊர்களைப் பங்கு போட்டீர்கள். அங்கே குடியிருக்கிற ஒரு ஆளிடமாவது கேட்டீர்களா? வாள் எடுக்காமல் யார்லை மாற்றுவதும் பக்கம் எடுப்பதுதான், ப்ரோ.

ரீலோட்ராணி:
ஸ்கைரிமை விட்டு வெளியே வாருங்கள். இந்த விவாதத்துக்கு ஏற்ற கேம் விட்சர் 3, அதிலும் ராடோவிட் கொலைச் சதி. ஆடாதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிவிடுங்கள், கதை உடையும்.

வடக்கில் ராடோவிட் ராஜா, தெற்கிலிருந்து படையெடுத்து வரும் நில்ஃப்கார்டு பேரரசு. ராடோவிட்டைக் கொல்ல முன்னாள் உளவுத் தலைவர் டைக்ஸ்ட்ரா, ரோஷ், தாலர் மூவரும் சேர்கிறார்கள். இது கட்டாயமில்லாத சைடு குவெஸ்ட். "எனக்கு அரசியல் வேண்டாம், வளர்ப்பு மகள் சிரியைத் தேடுகிறேன்" என்று நீங்கள் தாண்டிப் போகலாம், ஒதுங்கிப்போறவன் அண்ணா கண்டிப்பாகப் போவார். போனால் என்ன ஆகிறது? ராடோவிட் போரை ஜெயிக்கிறார், மந்திரவாதிகள் மேல் அவர் நடத்தும் சூனியவேட்டையும் தொடர்கிறது. கேம் உங்களைத் திட்டவில்லை. எந்தக் கதாபாத்திரமும் வந்து விரல் நீட்டவில்லை. விளைவை மட்டும் கடைசியில் காட்டுகிறது. இதுதான் நடுநிலையைக் கையாளும் முறை என்பேன்.

குவெஸ்டை எடுத்துக்கொண்டால் அடுத்த சிக்கல். ராடோவிட் செத்த கையோடு டைக்ஸ்ட்ரா திரும்பி, ரோஷையும் அவருடைய துணையாள் வெஸ்ஸையும் தாலரையும் முடிக்கப் பார்க்கிறார். "நீ ஒதுங்கிக்கொள்" என்கிறார் நம்மிடம். ஒதுங்கினால் நேற்றுவரை கூட நின்ற மூன்று பேர் சாகிறார்கள், டைக்ஸ்ட்ரா வடக்கைச் சேர்த்துப் பிடித்து ஜெயிக்கிறார். தடுத்தால் டைக்ஸ்ட்ரா சாகிறார், நில்ஃப்கார்டு ஜெயிக்கிறது, டெமெரியா அதன் கீழ் தன்னாட்சியாக இருக்கும். அரசியலாகப் பார்த்தால் ஒதுங்குவதற்கும் நியாயம் சொல்லலாம். ஆனால் கெரால்ட் ஓரமாக நகர்ந்து நிற்கிற அந்த இடத்தில் எனக்கு வயிறு புரண்டது. உடனே ரீலோட் போட்டு முந்தைய இடத்துக்குத் திரும்பினேன். (பெயருக்கேற்ற வேலை.)

அந்த இடத்தில் டைக்ஸ்ட்ரா எழுதப்பட்ட விதம் மட்டும் மட்டம். அவ்வளவு பெரிய உளவுத் தலைவர் கெரால்ட் எதிரில் நாலு ஆட்களை வைத்துக்கொண்டா இதை அறிவிப்பார்?

மதில்மேல்_மந்திரவாதி:
டைக்ஸ்ட்ராவுக்கு வயசாகிவிட்டது, விடுங்கள். நான் இன்னும் இரண்டு பக்கத்திலும் ரிவார்டு வாங்கிக்கொண்டு ஓடுகிற கட்சி.

டைஸ்தாத்தா:
தம்பிகளா, கம்ப்யூட்டர் கேமுக்கு முன்னால் இந்தச் சண்டை மேஜையில் நடந்தது. 1974-இல் வந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேஜை ஆர்பிஜியில் நல்லவன் கெட்டவன் என்ற பிரிவே கிடையாது. லா (ஒழுங்கு), நியூட்ரல் (நடுநிலை), கேயாஸ் (குழப்பம்) என மூன்று அணிகள். ஒழுங்குக்கும் குழப்பத்துக்கும் நடக்கிற போரில் நீ எந்தப் பட்டாளம் என்பதுதான் கேள்வி. 1978-இன் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் இந்த மூன்றோடு நல்லது, நடு, கெட்டது என்பதும் சேர்ந்து ஒன்பது கட்டம் ஆனது. நடுக்கட்டம் ட்ரூ நியூட்ரல். ட்ரூயிட் (இயற்கையை வணங்கும் பூசாரி) ஆட வேண்டுமா, அந்தக் கட்டத்தில்தான் உட்கார வேண்டும்.

கூத்து 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில். ட்ரூ நியூட்ரல் ட்ரூயிட் எப்படி நடப்பான் என்று அவர்களே ஓர் உதாரணம் தந்தார்கள். கெட்ட நோல் (கழுதைப்புலி முகத்து அரக்கர்) கூட்டத்தை அடக்க உள்ளூர் பிரபுவோடு சேர்ந்து சண்டை போடுவான். நோல்கள் அழியும் நிலைக்கு வந்ததும் விலகிவிடுவான், அல்லது பக்கம் மாறிவிடுவான். ஏனென்றால் எந்தப் பக்கமும் ரொம்ப ஓங்கிவிடக் கூடாது, சமநிலை! இதை நம்பி என் மேஜையில் ஒரு பையன் அப்படியே ஆடினான். ஜெயிக்கப்போகிற சண்டையில் எங்கள் அணியின் பூசாரியான கிளெரிக்கின் காலைக் கொடிகளால் கட்டிப்போட்டான். அன்றைக்கு கேம் அத்தோடு முடிந்தது, கிளெரிக் ஆடியவர் டைஸைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த விதி நடுநிலையைத் தராசு வேலையாக மாற்றிவிட்டது. நோல் தின்ற குழந்தைகளும் நோல் குட்டிகளும் தராசில் ஒரே எடை. எந்த மனிதனும் அப்படி யோசிக்க மாட்டான். 2008-இன் நான்காம் பதிப்பு ட்ரூ நியூட்ரலைத் தூக்கிவிட்டு 'அன்அலைன்டு' (எந்த அணியும் இல்லாதவன்) என்று ஒன்றை வைத்தது, எனக்கு அதில் சந்தோஷம்தான். அண்டச் சமநிலை எல்லாம் இல்லை, இந்தச் சண்டையில் எனக்குப் பங்கில்லை, அவ்வளவே. 2014-இல் ஒன்பது கட்டமும் திரும்ப வந்தது. அன்அலைன்டு என்பதை யோசிக்கத் தெரியாத மிருகங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒதுங்கிப்போறவன் தம்பி கோபப்பட வேண்டாம்.

ஒதுங்கிப்போறவன்:
ஐயா, கரடியோடு சேர்த்துவிட்டீர்களே. பரவாயில்லை, கரடி யாருக்கும் சிலுவைப்போர் நடத்துவதில்லை.

ஆனால் அந்தத் தராசு ட்ரூயிட் நான் சொல்கிற ஆள் இல்லை. அவன் ஒவ்வொரு சண்டையிலும் மூக்கை நுழைக்கிறான், பக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிறான். ஒரு வகையில் எல்லாரையும்விட அதிகமாகப் பக்கம் எடுப்பவன் அவன்தான். நான் கேட்பது வேறு: இந்தக் கொடிக்கும் அந்தக் கொடிக்கும் அடிபணியாமல், எதிரில் வருகிற ஆளைப் பார்த்து முடிவு செய்யும் உரிமை.

இரும்புவாள்:
அந்த உரிமைக்கு டிராகன் ஏஜ் 2 என்ன விலை வைக்கிறது என்று பார்ப்போம். கிர்க்வால் நகரத்தில் ஒரு பக்கம் மந்திரவாதிகள், தலைவர் ஒர்சினோ. எதிரே அவர்களைக் காவல் காக்கும் டெம்ப்ளர்கள், தளபதி மெரிடித். நடுவில் சான்ட்ரி என்ற மத அமைப்பின் அந்நகரத் தலைவி எல்தினா. அந்த அம்மாவுக்குப் பதவி உண்டு, மரியாதை உண்டு, மெரிடித்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரமும் உண்டு. ஆண்டுக்கணக்கில் இரண்டு பேரையும் சமாதானம் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார். டெம்ப்ளர்கள் மந்திரவாதிகளின் மனத்தை அழித்து நடைப்பிணமாக்குவது அந்த நேரம் முழுக்க நடந்தது. கடைசியில் நம் கூட்டாளியான மந்திரவாதி ஆண்டர்ஸ் சான்ட்ரி கோயிலையே வெடிவைத்துத் தகர்க்கிறான், எல்தினாவும் அதில் போகிறார். சமரசத்துக்கு இடமே இருக்கக் கூடாது என்றுதான் அதைச் செய்கிறான்.

ஆண்டர்ஸ் செய்தது கொலை, அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அவன் அங்கே வந்து நின்றதற்கு எல்தினாவின் "இரண்டு பேரும் பொறுமையாக இருங்கள்" ஒரு காரணம். அதிகாரம் கையில் இருப்பவர் நடுநிலை என்று சொன்னால், ஏற்கெனவே பலமாக இருப்பவனுக்குத்தான் அது லாபம். ஆர்பிஜியில் நம் கதாபாத்திரம் யார்? ஸ்கைரிமில் டிராகன்பார்ன் என்ற மாவீரன், டிராகன் ஏஜ் கேம்களில் சாம்பியன், இன்க்விசிட்டர். அந்த ஊரிலேயே பலசாலி நாம்தான். சாதாரண குடியானவன் ஒதுங்கினால் புரிகிறது. டிராகனைக் குரலாலேயே விழவைக்கிறவன் ஒதுங்குவது எனக்கு ஒப்பவில்லை.

ரீலோட்ராணி:
நீங்கள் சொல்கிற அதே கேமில் மந்திரவாதிகள் பக்கம் சேர்ந்தாலும் ஒர்சினோ ரத்த மந்திரம் போட்டு அரக்கனாகி நம் மேலேயே பாய்கிறார். எந்தப் பக்கம் போனாலும் இரண்டு தலைவர்களையும் நாமே கொல்ல வேண்டும். அப்படியானால் அங்கே பக்கம் எடுத்தும் என்ன கண்டோம்? பாஸ் ஃபைட் (பெரிய எதிரியோடு மோதும் சண்டை) குறையக் கூடாது என்பதற்காகக் கதையின் கழுத்தைத் திருகிவிட்டார்கள். எல்தினாவைக் குற்றம் சொல்ல இந்த கேமை நான் சாட்சிக்குக் கூப்பிட மாட்டேன்.

இரும்புவாள்:
ஒர்சினோ விஷயம் கேவலம், அதில் சண்டையே இல்லை. எல்தினா பற்றிச் சொன்னது அப்படியே நிற்கிறது.

ஒதுங்கிப்போறவன்:
நிற்கட்டும். "பலசாலி ஒதுங்கக் கூடாது" என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பலசாலி வந்து இறங்கினால் அந்த ஊர்ச் சண்டை அந்த ஊர்க்காரர்கள் சண்டையாகவே இருக்காது. உல்ஃப்ரிக் பக்கம் ஒரு டிராகன்பார்ன் சேர்ந்தால் அந்நாட்டு நார்ட் மக்கள் எதை விரும்பினார்கள் என்பதற்கு இனி மதிப்பு இல்லை, நான் எதை விரும்பினேன் என்பதுதான் முடிவு. நேற்று எல்லை தாண்டும்போது பிடிபட்டவன் நான். மூன்றாம் நாள் அந்நாட்டின் அரசனான ஹை கிங் அடுத்து யார் என்று தீர்மானிக்கிறேன். இது உங்களுக்கு உறுத்தவே இல்லையா?

டைஸ்தாத்தா:
இந்தக் கேள்விக்காகவே மறுபடி வந்தேன், நல்ல கேள்வி.

ஆட்டத்தை நடத்தும் டிஎம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் சேருகிறாயா இல்லையா என்பது இரண்டாம் பட்சம். ஒதுங்கியவனுக்கு அந்த உலகத்தில் வேலை இருக்கிறதா என்பதைத்தான் பார்ப்பேன். கம்ப்யூட்டர் கேம்கள் தடுமாறுவது இங்கேதான். பக்கம் எடுத்தவனுக்கு ஐந்து குவெஸ்ட், தனிக் கவசம், முடிவில் ஒரு காட்சி. ஒதுங்கியவனுக்கு அந்த ஐந்தும் இல்லை, அவ்வளவுதான். பழைய ஸ்டார் வார்ஸ் ஆர்பிஜியான கோட்டாரில் ஒளிப்பக்கமோ இருட்டுப்பக்கமோ உச்சத்துக்குப் போனால் போனஸ் கிடைக்கும். நடுவில் நிற்கிறவனுக்கு எதுவும் கிடையாது.

என் மேஜையில் இப்போது வேறு மாதிரி வைத்திருக்கிறேன். இரண்டு பிரபுக்கள் சண்டை, நடுவில் ஆறு. ஆட்டக்காரர்களின் பார்ட்டி (குழு) சேர மறுத்தால் அவர்களைத் தேடி வேலை வரும். காயம்பட்டவர்களைப் படகில் ஏற்ற வேண்டும், பிணைக்கைதிகளை மாற்ற வேண்டும், இரண்டு பாசறைக்கும் தானியம் போக வேண்டும். பாரதப் போரில் இரண்டு படைக்கும் சோறு போட்டதாக நம் ஆட்கள் பாடிய சேரன் உதியஞ்சேரலாதன் கதைதான் எனக்கு இதில் முன்மாதிரி. ஆனால் சும்மா விடமாட்டேன். தானிய வண்டியில் அம்பு ஒளித்து வருவான் ஒருவன். கண்டுபிடித்தால் யாரிடம் சொல்வது? சொல்லாவிட்டால் நாளைக்கு உன் வண்டியை யார் நம்புவார்கள்? பக்கம் எடுத்தவர்களைவிட இவர்களுக்குத்தான் என் மேஜையில் தூக்கம் கெடுகிறது.

ரீலோட்ராணி:
இதைத்தான் பால்டர்ஸ் கேட் 3-இல் தேடினேன், கிடைக்கவில்லை. 2023-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேம், அந்த ஒன்பது அலைன்மென்ட் கட்டத்தையே எடுத்துவிட்டார்கள், நல்ல விஷயம். ஆனால் முதல் அத்தியாயத்தில் எமரால்டு குரோவ் என்ற காட்டுப் புகலிடத்தில் டீஃப்லிங் இன அகதிகளைக் காப்பாற்று, அல்லது கோப்ளின் படையை நடத்தும் மிந்தாராவோடு சேர்ந்து அழி. எதுவும் செய்யாமல் அடுத்த பகுதிக்கு நகர்ந்தால் அகதிகள் கதை மோசமாகத்தான் முடியும். உலகம் நமக்காகக் காத்திருக்கவில்லை என்பது ஸ்கைரிமைவிட எவ்வளவோ மேல். டைஸ்தாத்தா சொல்கிற அந்தப் படகு வேலைதான் அங்கே இல்லை.

இரும்புவாள்:
குரோவில் படகு எதற்கு? ஒரு பக்கம் வீடில்லாத குடும்பங்கள், எதிரில் அவர்களைக் கொல்ல வருகிற படை. அங்கே நடுவில் நிற்க வழி கேட்பதே தப்பு. இரண்டு பிரபுக்கள் சண்டைக்குப் படகு சரி, ஒத்துக்கொள்கிறேன். இனப்படுகொலைக்குப் படகு ஓட்ட மாட்டேன்.

ஒதுங்கிப்போறவன்:
அங்கே நானும் ஓட்ட மாட்டேன். குரோவில் கோப்ளின் முகாமைத்தான் காலி செய்தேன். கொடிக்குத்தான் நான் நடுநிலை, கொலைக்கு இல்லை.

இரும்புவாள்:
அப்படியானால் வின்ட்ஹெல்ம் கிரே குவார்ட்டரில் உங்கள் டிராகன்பார்ன் என்ன செய்தார் என்று எழுதுங்கள். சேரவில்லை, சரி. வேறு என்ன செய்தார்?

ஒதுங்கிப்போறவன்:
செய்வதற்கு அங்கே கேம் அதிகம் எதுவும் தரவில்லை. அதற்கு ஒரு மோட் (ரசிகர்கள் செய்த கூடுதல் பாகம்) இருந்தால் யாராவது லிங்க் போடுங்கள்.