பெற்றோல் பம்ப் மாத்தின பிறகும் கார் இடைவழியில நிக்குதோ? பாத்த கேஸுகளை எழுதுங்கோ

கேள்வி

பெற்றோல் கார், ராங்குக்குள்ள இருக்கிற பம்ப். புதுசு போட்டாச்சு. காலமை வடிவா ஸ்ராட் வருது, ஆனால் வவுனியாவால வெளிக்கிட்டு கனகராயன்குளம் தாண்ட முதல் நிண்டிடுது. ஆறவிட்டால் திரும்ப ஓடுது. இப்படி வந்த வாகனங்களில கடைசியா என்ன பிழை பிடிபட்டது? (கீழ பதில் எழுதினவையின்ர ஊர் மேல போட்டிருக்கு.)

மாங்குளம்

பம்பைத் திரும்பக் கழட்ட முதல் அது நிக்கிற விதத்தைப் பாருங்கோ. இழுவை குறைஞ்சு, வெட்டி வெட்டி, மிதிக்க மிதிக்க இன்னும் படுத்து நிண்டால் பெற்றோல் காணாது. திறப்பால நிப்பாட்டின மாதிரி ஒரேயடியா நிண்டால் கறன்ற் பக்கம்.

நிண்ட பிறகு ஸ்ராட் அடிக்கேக்க பம்ப் சத்தம் கேக்கேல்லை எண்டால் எல்லாரும் பம்பிலதான் பழி போடுறது. டொயோட்டாவில எஞ்சின் சுத்துறதைப் பாக்கிற கிராங்க் சென்சரின்ர சிக்னல் வராட்டி கம்பியூட்டர் பம்புக்குக் கறன்ற் குடுக்கிற ரிலேயையும் விட்டிடும். சென்சர் சூடேறினதும் செத்து, ஆறினதும் உயிர்க்கும். பம்பும் அதோட சேந்து நிக்கும். நீங்கள் சொல்லுற குணமும் அப்பிடித்தான் கிடக்கு. டொயோட்டா கொரோலா 121 மொடலில நல்ல பம்பைக் கழட்டி எறிஞ்சுபோட்டுப் புதுசுக்கும் இதே கதையா வந்த கேஸ் இருக்கு. ஸ்கானரில பி0335 எண்ட கிராங்க் சென்சர் கோட் கிடக்கோ பாருங்கோ. கோட் விழாமலும் வரும். அப்ப, கார் நிண்ட இடத்திலேயே ஸ்ராட் அடிச்சுக்கொண்டு லைவ் டேற்றாவில ஆர்பிஎம்மைப் பாருங்கோ. எஞ்சின் சுத்த சுத்த அது 0 இலயே நிண்டால் பம்பை மறந்திடுங்கோ. வீட்டை கொண்டுபோய் ஆறின பிறகு பாத்தால் ஒண்டும் பிடிபடாது.

கிளிநொச்சி

சென்சர் சரியெண்டால் அடுத்தது பிரஷர். கேஜ் இல்லாமல் இந்த வேலைக்கு இறங்குறது குருட்டு வேலை.

121 கொரோலாவுக்கு 304 முதல் 343 கிலோபஸ்கால், பிஎஸ்ஐ கணக்கில 44 முதல் 50. எஞ்சினை நிப்பாட்டி 5 நிமிசம் கழிச்சும் 147 கிலோபஸ்கால், அதாவது 21 பிஎஸ்ஐ, தாங்கி நிக்கவேணும். மற்ற வாகனமெண்டால் அதின்ர மனுவலைப் பாருங்கோ. சுசுகிக்கு இதை வச்சு அளக்காதேங்கோ.

புதுப் பம்ப் போட்டும் பிரஷர் காணாட்டி பத்தில பாதி, பம்ப் பில்டரோட சேருற வாயில இருக்கிற ஓ ரிங். அதைக் காய்ஞ்சபடி வச்சு அமத்தினால் விளிம்பு சுருண்டு, ஒரு பக்கம் நகக்கீறல் மாதிரி மெல்லிசா வெட்டுப்படும். அதுக்குள்ளால பெற்றோல் திரும்ப ராங்குக்குள்ளயே பீச்சும். வெளியில ஒரு துளி ஒழுக்கு இராது, மணமும் வராது. ஐட்லில பிரஷர் தாங்கும், ஏ9 றோட்டில இழுத்து ஓட விழும். பழைய ஓ ரிங்கைத் திரும்பப் போடாதேங்கோ, தண்ணிப் பைப்புக்கு விக்கிறதையும் போடாதேங்கோ, அது பெற்றோலில ஊதிப்போகும். பூட்டேக்க எஞ்சின் ஒயில் ஒரு சொட்டுத் தடவினால் காணும். ஓ ரிங்கோட வாற பிளாஸ்டிக் வளையம் பழைய பில்டரின்ர வாய்க்குள்ள ஒட்டிக்கொண்டு நிக்கும். அதைக் கவனிக்காமல் புதுசையும் சேத்துத் திணிச்சால் பம்ப் முழுக்க உள்ள இறங்கி இருக்காது.

பம்புக்கும் மூடிக்கும் நடுவில றப்பர் ஹோஸ் போற மொடல் எண்டால், ராங்குக்குள்ள முழுக்க நனைஞ்சு கிடக்கத் தாங்குற ஹோஸ் வேணும், எஸ்ஏஈ 30ஆர்10 எண்டு கேளுங்கோ. சாதாரண பெற்றோல் ஹோஸ் வெளிப்பக்கத்தால வெடிச்சுப் போகும்.

வவுனியா, வயறிங்

பிளக்கைக் கழட்டி மீற்றர் வச்சு "12 வருது, வயர் நல்லம்" எண்டு சொல்லுறது பிழை. பம்ப் கறன்ற் இழுக்காத நேரம், பிளக்குக்குள்ள பின் கருகியிருந்தாலும் 12 வோல்ற் காட்டும். பிளக் பூட்டியிருக்க, எஞ்சின் ஓட, பின்பக்கத்தால ஊசி விட்டு அளவுங்கோ. பற்றறியில 14 வோல்ற் எண்டால் பம்பிலயும் 13.5க்குக் கீழ போகக்கூடாது. பிறகு பம்ப் ஏர்த் வயருக்கும் பற்றறி நெகற்றிவுக்கும் நடுவில பாருங்கோ, 0.2க்கு மேல காட்டினால் ஏர்த் பழுது.

ராங்க் மூடியில இருக்கிற பிளக்கை வெளிச்சத்தில திருப்பிப் பாத்தால் ஒரு பின் சுத்தி பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருக்கும். பழைய பம்ப் இறுகி, கறன்ற் கூட இழுத்த அடையாளம் அது. புதுப் பம்பை அதே பிளக்கில பூட்டினால் சூட்டில பின் விரிஞ்சு விடும், ஆறினால் திரும்பத் தொடும். பிளக்கையும் சேத்து மாத்துங்கோ. ராங்குக்குள்ள சாதாரண ரேப் சுத்தாதேங்கோ, பசை கரைஞ்சு பில்டருக்குப் போகும். ரிலேயில சந்தேகமெண்டால், ஹோர்ன் ரிலே அதே நம்பரா இருந்தால் மாத்திப் போட்டு ஓடிப்பாக்கலாம்.

புதுக்குடியிருப்பு

எங்கட பக்கத்துக்கு முக்கியமா ஒண்டு. பின் சீற்றுக்குக் கீழ மூடியைத் திறக்க முதல் அதைச் சுத்திக் கிடக்கிற கிறவல் புழுதியை உறிஞ்சி எடுத்து ஈரத்துணியால துடையுங்கோ. உள்ள விழுந்த புழுதி புதுப் பம்பின்ர வலையை அடைக்கும். வலை மடிஞ்சு பூட்டுப்பட்டிருந்தால் ராங்க் கால்வாசிக்குக் குறையேக்கதான் குணம் காட்டும், அதுவும் வளைவில திரும்பேக்க.

நிண்ட உடன பெற்றோல் மூடியைத் திறந்து பாருங்கோ. "ஸ்ஸ்" எண்டு காத்தை உள்ள இழுத்து, பிறகு கார் ஓடினால் ராங்குக்குக் காத்துப் போற வென்ற் அடைப்பு. ராங்க் இறக்கி ஏத்தின வாகனத்தில ஹோஸ் மடங்கியிருக்கும். கனநாள் ஓடாமல் நிண்ட வாகனத்தில குளவி மண்கூடு கட்டி வச்சிருக்கும்.

பிளாஸ்டிக் கானில வாங்கி ஊத்தின பெற்றோல் எண்டால் ராங்கின்ர அடியில இருந்து ஒரு கண்ணாடிப் போத்தலில எடுத்து அசைக்காமல் வையுங்கோ. தண்ணி அடியில தனியப் பிரியும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் இப்பிடித் தெரியாது, அதுக்குப் பழைய பெற்றோலை முழுக்க இறக்கிறதுதான் வழி.

மாங்குளம்

ஓடேக்க நல்லம், சந்தியில பிரேக் பிடிக்க மட்டும் நிக்குது எண்டால் பம்பைத் தொடத் தேவையில்லை. வேலைக்குப் பற்றறி கழட்டினதால கம்பியூட்டர் பழகி வச்ச ஐட்ல் அளவு அழிஞ்சிருக்கும், த்ரொட்டில் பொடியிலயும் கரி இருக்கும். கரியைத் துடைச்சு, ஏசி, லைற் எல்லாம் நிப்பாட்டி, எஞ்சின் சூடாகி றேடியேற்றர் பான் ஒருக்கா சுத்தி நிக்கும்வரை ஐட்லில விடுங்கோ.

கிளிநொச்சி

திரும்பக் கழட்டுறவை முதல் பம்ப் பிளக்கைக் கழட்டிப்போட்டு எஞ்சின் தானா நிக்கும்வரை ஓடவிடுங்கோ, பிறகு பற்றறி நெகற்றிவைக் கழட்டுங்கோ. லைனில பிரஷர் இருக்கக் கழட்டினால் முகத்தில பீச்சும். குண்டு பல்ப் கைலாம்பு வேண்டாம், எல்ஈடி ரோச் பிடியுங்கோ. கதவு நாலும் திறந்து கிடக்கட்டும். பூட்டின பிறகு முதல் ஸ்ராட்டுக்குக் கொஞ்சம் கூட நேரம் அடிக்கவேண்டி வரும். 121 இல எஞ்சின் சுத்தினால்தான் பம்ப் ஓடும், திறப்பை ஓனில வச்சுக்கொண்டு சத்தம் வருதோ எண்டு காத்திருக்காதேங்கோ.