மருத்துவமனைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்த ஷரத்துகளைச் சட்டத்தால் தடுக்க முடியுமா?

கேள்வி:
வணக்கம். அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில், எங்கள் நிறுவனத்தின் ஊழியர் காப்பீட்டுத் திட்டத்தை முடிவுசெய்யும் குழுவில் இருக்கிறேன். முழங்கால் எம்ஆர்ஐ ஸ்கேனை ஊரின் பெரிய மருத்துவமனையில் எடுப்பதைவிடத் தனி ஸ்கேன் மையத்தில் எடுத்தால் செலவு வெகுவாகக் குறைகிறது. அங்கே செல்லும் ஊழியருக்குக் கோ-பே தொகையை, அதாவது ஊழியர் தன் பங்காகக் கட்டும் தொகையை, குறைக்கலாம் என்று கேட்டபோது, மருத்துவமனையுடனான ஒப்பந்தம் அதற்கு இடம் தராது என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிட்டது. பணம் கட்டுவது நாங்கள். எங்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தையோ எங்கள் கண்ணில்கூடக் காட்டுவதில்லை. இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா?

மறுமொழி 1:
நீங்கள் சந்தித்தது, நோயாளிகளை மலிவான இடத்துக்குத் திருப்பிவிடுவதைத் தடுக்கும் ஷரத்து. இதன் உடன்பிறப்புகளும் உண்டு: மருத்துவமனைக் குழுமத்தின் ஒரு மருத்துவமனை வேண்டுமென்றால் அதன் அனைத்து மருத்துவமனைகளையும் நெட்வொர்க்கில், அதாவது காப்பீடு செல்லும் இடங்களின் பட்டியலில், சேர்க்க வேண்டும் என்பது ஒன்று, விலையை வெளியிடக் கூடாது என்பது இன்னொன்று. அந்த ஊரில் அந்த மருத்துவமனை இல்லாமல் காப்பீடு விலைபோகாது என்பதால் காப்பீட்டு நிறுவனங்கள் கையெழுத்திட்டுவிடுகின்றன.

நீதிமன்றத்தை நம்பினால் எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு வட கலிபோர்னியாவின் சட்டர் ஹெல்த் என்ற மருத்துவமனைக் குழுமத்தின் மீதான வழக்கே சான்று. மளிகைக்கடைத் தொழிலாளர்களுக்கான நல நிதி ஒன்று 2014இல் வழக்குத் தொடுத்தது. மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் 2018இல் சேர்ந்துகொண்டார். 2019 அக்டோபரில், விசாரணை தொடங்கும் தறுவாயில், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே குழுமம் சமரசத்துக்கு வந்தது. 57.5 கோடி டாலர் இழப்பீட்டுடன், அனைத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிடவும் அது இசைந்தது. நீதிமன்றத்தின் இறுதி ஒப்புதல் 2021இல்தான் கிடைத்தது. அந்த ஏழு ஆண்டுகளும் பிரிமியம் கட்டியவர்களை எண்ணிப் பார்க்கும்போது, ஷரத்தையே சட்டவிரோதமாக்குவதுதான் நியாயம் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

மறுமொழி 2:
சட்டம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. டெக்சாஸும் கனெக்டிகட்டும் 2023இல் இத்தகைய ஷரத்துகளைத் தடைசெய்து சட்டம் இயற்றின. ஆனால், ஊழியர்களின் மருத்துவச் செலவை நிறுவனமே ஏற்கும் திட்டங்கள், ஊழியர் நலத் திட்டங்களுக்கான 1974ஆம் ஆண்டின் எரிசா என்ற கூட்டாட்சிச் சட்டத்தால், பெரும்பாலும் மாநிலக் காப்பீட்டுச் சட்டங்களின் பிடிக்குள் வருவதில்லை. நிறுவனம் வழியாகக் காப்பீடு பெறும் ஊழியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அத்தகைய திட்டங்களில்தான் இருக்கிறார்கள். அங்கே காப்பீட்டு நிறுவனம் நிர்வாகி மட்டுமே. விலை ஏறினால் நட்டம் உங்களுக்குத்தான் என்பதால், அது ஏன் மல்லுக்கு நிற்கப்போகிறது? ஆகவே கூட்டாட்சிச் சட்டமே தேவை. 2019இல் செனட்டில் கொண்டுவரப்பட்ட மசோதா இத்தகைய ஷரத்துகள் எல்லாவற்றையும் தடைசெய்ய முனைந்தது. அந்தத் தடைகளில், விலையை மறைக்கும் ஷரத்துக்கான தடை மட்டுமே 2020 டிசம்பரில் சட்டமாயிற்று.

மறுமொழி 3:
நான் கிராமப்புற மருத்துவமனையில் செவிலியர். எங்கள் குழுமத்தின் நகர மருத்துவமனையை மட்டும் காப்பீட்டு நிறுவனம் எடுத்துக்கொண்டு எங்களை விட்டுவிட்டால், பிரசவப் பிரிவை எதைக்கொண்டு நடத்துவது? சட்டம் எழுதுபவர்கள் இதையும் கருத வேண்டும்.

மறுமொழி 1 (மீண்டும்):
செவிலியர் அவர்களின் கவலை முற்றிலும் நியாயமானது. கிராமப்புற மருத்துவமனைகளுக்கு விதிவிலக்கோ நேரடி நிதியோ சட்டத்திலேயே வைக்கப்பட வேண்டும். ஆனால், மலிவான ஸ்கேன் மையத்துக்குச் செல்பவருக்குச் சலுகை தருவதைத் தடுப்பதற்கு அந்த நியாயம் பொருந்தாது.

கேள்வி கேட்ட நண்பருக்கு: விலையை மறைக்கும் ஷரத்து உங்கள் திட்டத்தில் இல்லை என்று ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் கூட்டாட்சி அரசுக்கு உறுதியளிக்க வேண்டிய கடமை இப்போது இருக்கிறது. அந்த உறுதிமொழியைத் தாக்கல்செய்யும் முன், மருத்துவமனைவாரியான கட்டண விவரங்களைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேளுங்கள்.