மாமா அனுப்பும் பூ மார்க்கெட் வீடியோவை ஃபோன் அறிவிப்பாக மாற்றுவது எப்படி?

திருமங்கலத்தான்:
வணக்கம். எங்கள் பக்கம் மல்லி, பிச்சி போட்டிருக்கிற கொஞ்சம் பேருக்காக ஒரு நம்பர் வைத்திருக்கிறோம், அடித்தால் அன்றைய மதுரை மாட்டுத்தாவணி பூ விலையைச் சொல்லும், அவ்வளவுதான். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில், வருகிற ஃபோனை எடுத்து ஆடியோவை ஓட்டும் ஆஸ்டரிஸ்க் என்ற சாஃப்ட்வேர் ஓடுகிறது. மார்க்கெட்டில் இருக்கிற மாமா காலையில் செல்லில் வீடியோ எடுத்து அனுப்புவார் (வாய்ஸ் நோட் போதும் மாமா என்றால், பூவைக் காட்ட வேண்டாமா என்கிறார்). அதிலிருந்து ஆடியோவை வேவ் ஃபைலாக எடுத்துப் போட்டேன், சத்தமே வரவில்லை. ஏ-லா (ஃபோன் லைனுக்கான ஆடியோ வடிவம்) ஃபைல் என்றால் எடுக்கும் என்று எங்கோ படித்து, பெயரின் வாலை மட்டும் ஏ-லா என்று மாற்றினேன். இப்போது ஓடுகிறது, ஆனால் சூடான எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரே இரைச்சல். 20 விநாடி அறிவிப்பு ஏழு நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது!

வயர்க்காரன்:
அந்த ஏழு நிமிஷத்திலேயே விடை இருக்கிறது தம்பி. சாம்பார் வாளியில் ரசம் என்று எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். உங்கள் வேவ் அநேகமாக 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ, அதாவது விநாடிக்கு 1,76,400 பைட். ஏ-லா விநாடிக்கு 8,000 பைட்தான். 22 மடங்கு. 20 விநாடி 441 விநாடி ஆகிவிட்டது, சரியா?

ஆடியோ, வீடியோவை வடிவம் மாற்றும் எஃப்எஃப்எம்பெக் என்ற சாஃப்ட்வேரைப் போட்டுக்கொள்ளுங்கள். வீடியோவை அப்படியே கொடுத்து, படத்தைக் கழிக்க மைனஸ் விஎன், மோனோவுக்கு (ஒரே சேனல்) மைனஸ் ஏசி 1, அப்புறம் 8,000 ஹெர்ட்ஸுக்கு மைனஸ் ஏஆர் 8000. வெளியே 16 பிட் வேவ் ஆகவே எடுங்கள். முதலில் சத்தம் வராததற்குக் காரணம் ஃபைல் வேவ் என்பதல்ல, 8,000 ஹெர்ட்ஸ் மோனோவாக இல்லாததுதான். டயல்பிளானில் (ஃபோன் வந்தால் என்ன செய்வது என்று ஆஸ்டரிஸ்க்குக்கு எழுதிவைப்பது) ஃபைல் பெயரை எழுதும்போது வாலை விட்டுவிடுங்கள். ஏ-லாதான் வேண்டும் என்றால் பிறகு மாற்றலாம். ஏ-லா மாதிரியே இருக்கிற மியூ-லா பக்கம் போகாதீர்கள், அது அமெரிக்கா, ஜப்பான் வழக்கம்.

செல்லூர்க்காரி:
ஃபார்மட் சரியானாலும் மார்க்கெட் இரைச்சல் போகாது. ஃபோனில் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும், செல்லில் கேட்கும்போது தெளிவாக இருப்பது லைனில் மழுங்கிவிடும். தாழ்ந்த ஒலியைக் கழிக்கும் ஹைபாஸ் ஃபில்டரை 300-இல் வைத்தால் வண்டி உறுமல் கொஞ்சம் குறையும். ஆனால் ஹாரனும் கூவலும் பேச்சு இருக்கிற அதே இடத்தில்தான் இருக்கின்றன, எந்த ஃபில்டரும் பிரித்துத் தராது. மாமாவைச் செல்லை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, விலையை இரண்டு தடவை சொல்லச் சொல்லுங்கள். இருநூறு, அறுநூறு இரண்டும் லைனில் ஒரே மாதிரி விழும். ‘ரெண்டு, பூஜ்யம், பூஜ்யம்’ என்று எண்ணெண்ணாகச் சொன்னால் குழப்பம் வராது.

திருமங்கலத்தான்:
அண்ணே, வேலை செய்கிறது! 20 விநாடிக்கு 3,20,000 பைட்டும் கொஞ்சமும், கணக்கு அப்படியே வருகிறது. அக்கா சொன்னபடி மாமாவிடம் சொன்னேன். இன்றைக்கு வந்த வீடியோவில் ஒரு வார்த்தை பேசவில்லை, பூக்கூடையை நன்றாகச் சுற்றிக் காட்டிவிட்டு, விலையைச் சிலேட்டில் எழுதி அனுப்பியிருக்கிறார்.