102/1350 நீளக்குழல் ரிஃப்ராக்டர்: சூரியனுக்கும் கிரகங்களுக்கும் வாங்கலாமா?

துறைமுகத்தான்
வணக்கம். தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். தெரிந்தவர் வீட்டில் ஒரு ரிஃப்ராக்டர் (லென்ஸ் தொலைநோக்கி) விலைக்கு வருகிறது. 102 மி.மீ. லென்ஸ், 1350 மி.மீ. குவியத்தூரம், ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் எஃப்/13. நிமிர்த்தி வைத்தால் குழல் என் நெஞ்சு உயரம். கூடவே ஒரு ஈக்குவடோரியல் மவுண்ட் (அச்சைத் துருவத்தை நோக்கிச் சாய்த்து வைக்கும் தாங்கி), இரண்டு ப்ளாசல் வகை ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்). எல்லாம் சேர்த்து 45,000 கேட்கிறார்கள். எனக்கு வேண்டியது சூரியனும் கிரகங்களும்தான். நெபுலா, கேலக்ஸி எல்லாம் இந்த ஊர் விளக்கு வெளிச்சத்தில் ஆகாத காரியம். அந்தக் காசுக்குள்ளேயே புதிதாக 6 அங்குல டாப்சோனியன் (சுருக்கமாக டாப், கண்ணாடித் தொலைநோக்கி) கிடைக்கும் என்று ஒருவர் குழப்பிவிட்டார். என்ன செய்யலாம்?

நீள்குழல்
வாங்கிவிடுங்கள். இப்போது எஃப்/13இல் அக்ரோமாட் (சாதாரண இரட்டை லென்ஸ் குழல்) அரிது. கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 90/900, 102/1000 வகைதான். குழல் நீளமாக இருப்பது பழமைக்காக அல்ல. சாதாரண இரட்டை லென்ஸில் நீலமும் சிவப்பும் பச்சையோடு ஒரே இடத்தில் குவிவதில்லை. குவியத்தூரம் கூடக் கூட அந்தக் கோளாறு கண்ணுக்குத் தெரியாமல் அடங்கும். பழைய ஆட்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: லென்ஸின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து மூன்றால் பெருக்கு. 4 அங்குலத்துக்கு எஃப்/12. உங்களுடையது அதைத் தாண்டிவிட்டது.

இன்னொன்று, எஃப்/13இல் ஃபோகஸ் செய்வது சுகம். எஃப்/5 குழலில் மி.மீ.யில் நூறில் சில பங்கு தவறினாலே படம் மங்கும். இதில் அதைப் போல ஏழு மடங்கு இடம் உண்டு. காற்று ஆடிக்கொண்டிருக்கும் இரவில் அந்த வித்தியாசம் தெரியும். விலை குறைந்த ப்ளாசலே ஓரம் வரை கூர்மையாகக் காட்டும். ஐபீஸுக்கு என்று தனியாகக் கடன் வாங்க வேண்டாம்.

பெருவிட்டம்
குழப்பிவிட்ட அந்த 'ஒருவர்' நான்தான், அண்ணாச்சி. திருநெல்வேலியிலிருந்து.

நீள்குழல் சார் பாதிக் கணக்கைத்தான் சொல்லியிருக்கிறார். மூன்றால் பெருக்குவது தாராளமான விதி. கறாரான விதி ஐந்தால் பெருக்கச் சொல்கிறது. அப்படியானால் 4 அங்குலத்துக்கு எஃப்/20, இரண்டு மீட்டருக்கு மேல் குழல். எஃப்/13இல் வெள்ளியையோ வியாழனையோ பாருங்கள், ஓரத்தில் மெலிதாக ஊதா இருக்கும். கண்ணாடிக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. எந்த நிறமானாலும் ஒரே இடத்தில்தான் குவியும்.

சரி, ஊதாவை விடுங்கள். முக்கியம் விட்டம். நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டும் எல்லை, 116ஐ மி.மீ. விட்டத்தால் வகுத்தால் வரும் விகலை (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு). 102க்கு 1.14, 6 அங்குலமான 150க்கு 0.77. வெளிச்சம் இரண்டு மடங்குக்கும் மேல். வியாழனின் வட்டே எதிர்நிலையில் (நமக்கு அருகில் வரும்போது) 45 விகலை அளவுதான். அதில் பெருஞ்சிவப்புப் புள்ளியின் ஓரம், பட்டைகளிலிருந்து தொங்கும் நூல் போன்ற மேகங்கள் எல்லாம் விட்டம் இருந்தால்தான் வரும். 150 மி.மீ. எஃப்/8 டாப்பின் குறுக்குக் கண்ணாடியும் சிறியது, மாறுபாட்டை அவ்வளவாகக் கெடுக்காது.

நீள்குழல்
0.77 என்பது காகிதத்தில். தூத்துக்குடி மொட்டைமாடியில் காற்று எத்தனை நாள் அதற்கு இடம் தரும்? அதோடு ஊரைச் சொல்லுங்கள்: உப்புக்காற்று. திறந்த குழலுக்குள் இருக்கும் அலுமினியப் பூச்சு அங்கே எத்தனை வருஷம் தாங்கும்? என் நண்பர் ஒருவரின் டாப், கடலிலிருந்து ஒரு தெரு தள்ளி இருந்தது. நான்காவது வருஷம் கண்ணாடியில் பொட்டுப் பொட்டாகப் போய்விட்டது. லென்ஸ் என்றால் துடைத்து, மூடி, சிலிகா ஜெல் பையோடு பெட்டியில் வைத்தால் போதும்.

பெருவிட்டம்
லென்ஸுக்குப் பூஞ்சை வராதா? மழைக்காலத்தில் இரண்டு மாதம் பெட்டியைத் திறக்காமல் இருந்துவிட்டுப் பிறகு பாருங்கள். கண்ணாடிக்கு மறுபூச்சுப் போடலாம். இரண்டு லென்ஸுக்கு நடுவில் பூஞ்சை புகுந்தால் கழற்றி, அதே கோணத்தில் திரும்பப் பூட்டுவதற்கு யாரிடம் போவீர்கள்?

குட்டைக்குழல்
நடுவில் நுழைகிறேன், கோபிக்க வேண்டாம். 127 மி.மீ. மாக்சுடோவ் (லென்ஸும் கண்ணாடியும் சேர்ந்த குட்டைத் தொலைநோக்கி, சுருக்கமாக மாக்) பற்றி ஏன் யாரும் பேசவில்லை? 1500 மி.மீ. குவியத்தூரம் கையடக்கக் குழலுக்குள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். குளிர்நாட்டுக்காரர்கள் 'மாக் ஆறவே ஒரு மணி நேரம்' என்று புலம்புவார்கள். நம் ஊரில் வீட்டுக்குள்ளும் வெளியிலும் சூடு ஒன்றுதான். ஏசி அறையில் மட்டும் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் முன்கண்ணாடி வேர்த்துவிடும்.

கொடைவாசி
எல்லோரும் கிரகத்தையே பேசுகிறீர்கள். கேட்டவர் முதலில் எழுதியது சூரியனை. அதற்கு விதிகள் வேறு.

முதலில் பாதுகாப்பு. அந்தப் பழைய பெட்டிக்குள் ஐபீஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி ஏதாவது இருந்தால், வாங்கிய அன்றே உடைத்துக் குப்பையில் போடுங்கள். யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். குவிந்த வெயில் முழுக்க அதன் மேல்தான் விழும். பள்ளி நாட்களில் என்னிடம் 60 மி.மீ. தொலைநோக்கி ஒன்று இருந்தது. அதோடு வந்த அந்தக் கண்ணாடி ஒரு நாள் 'டிக்' என்று விரிந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தேன், கண் தப்பியது.

சரியான வழி இரண்டு. ஒன்று, குழலின் முன்வாயை முழுவதும் மூடும் சூரிய ஃபிலிம். லட்சத்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் விடும். சுருக்கம் இருந்தால் பரவாயில்லை, ஊசித்துளை இருக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, காற்றில் பறக்காதபடி டேப் ஒட்ட வேண்டும். ஃபைண்டரின் (குறிபார்க்கும் சிறுகுழலின்) மூடியைக் கழற்றவே கூடாது.

இரண்டாவது, ஹெர்ஷல் வெட்ஜ். உள்ளே வரும் ஒளியில் ஏறக்குறைய 5 சதவீதத்தை மட்டும் ஐபீஸ் பக்கம் திருப்பும், மீதி பின்னால் போய்விடும். அந்த 5 சதவீதமும் கண்ணுக்கு அதிகம், எனவே ஆயிரத்தில் ஒரு பங்கு விடும் அடர் ஃபில்டரும் கட்டாயம். ஃபிலிமைவிடக் கூர்மை. ஆனால் இது ரிஃப்ராக்டருக்கு மட்டும். டாப்பிலும் மாக்கிலும் போட்டால் வடிகட்டாத வெயில் போய் இரண்டாவது கண்ணாடியைச் சுடும்.

பெருவிட்டம் சொல்லும் ஊதா ஓரம் சூரியனில் பிரச்சினையே இல்லை. வெட்ஜோடு 540 நானோமீட்டர் பச்சை ஃபில்டர் ஒன்றைப் போட்டால் மற்ற நிறங்கள் வரவே வராது. அக்ரோமாட் லென்ஸை எந்த நிறத்துக்குத் தீட்டுகிறார்களோ, ஏறத்தாழ அந்த நிறத்தில்தான் பார்ப்பீர்கள். குறை ஓடிப்போய்விடும்.

நீள்குழல்
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்! கொடைக்கானல் ஆய்வகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1904இலிருந்து சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். சுரங்கத் தொலைநோக்கியின் லென்ஸ் 38 செ.மீ., குவியத்தூரம் 36 மீட்டர். சூரியன் 34 செ.மீ. அகலத்துக்கு, தாம்பாளம் போல வந்து விழும். நீளம் வேண்டாம் என்பவர்கள் அங்கே போய்ச் சொல்லட்டும்.

பெருவிட்டம்
அந்தச் சுரங்கத்துக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது என்ன, சார்? 60 செ.மீ. கண்ணாடிகள்! நான் ஒன்றும் சொல்லவில்லை.

பகலில் 150க்குப் பெரிய லாபம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாடி சூடானால் எந்த விட்டமும் ஒன்றுதான். ஆனால் சூரியப் புள்ளிகள் கூடிக் குறையும் சுழற்சியில், 25ஆவதின் உச்சம் 2024 வாக்கில் முடிந்துவிட்டது. இனி இறக்கம். 2019இல் வருஷத்தின் பெரும்பாலான நாட்கள் சூரியனில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. மறுபடி அப்படி ஆனால் வெறும் வெள்ளைத் தட்டைப் பார்க்கவா 45,000? சனி அப்படி ஏமாற்றாது. 2025 மார்ச்சில் வளையம் கோடாகிப் போனது, இப்போது வருஷத்துக்கு வருஷம் விரிகிறது.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை: மவுண்ட். தூத்துக்குடி 8.8 பாகை அட்சரேகை. துருவ நட்சத்திரம் அடிவானத்தில், தென்னை மரத்துக்குப் பின்னால். பல ஈக்குவடோரியல் மவுண்ட்கள் அவ்வளவு தாழ்வாகச் சாயாது. சாய்த்தாலும் எடைக்கட்டிக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். நம் ஊரில் கிரகங்கள் உச்சிக்குப் பக்கத்தில் போகும். அப்போது அந்த நெடுங்குழலின் ஐபீஸ் எங்கே இருக்கும் தெரியுமா? முழங்காலுக்குக் கீழே. அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து, கழுத்தை ஒடித்துச் சனி பார்க்க வேண்டியதுதான்.

நீள்குழல்
இது நியாயமான அடி. உயரமான தூண் வேண்டும், மறுக்கவில்லை. நானே முக்காலிக்கு அடியில் சிமெண்ட் கல் அடுக்கித்தான் பார்க்கிறேன்.

கொடைவாசி
துறைமுகத்தான், பிற்பாடு ஹைட்ரஜன்-ஆல்பாவில் (ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில்) தீக்கொழுந்துகளைப் பார்க்கும் ஆசை வந்தால், அதற்கு இந்தக் குழல் ஒத்துவராது. ஐபீஸ் பக்கம் செருகும் குவார்க் போன்ற கருவிக்குள் குவியத்தூரத்தை நீட்டும் 4.2 மடங்கு பார்லோ லென்ஸ் இருக்கிறது. எஃப்/4 முதல் எஃப்/8 வரையிலான குழலுக்கு அது சரி. உங்கள் எஃப்/13இல் போட்டால் எஃப்/55. படம் இருண்டுவிடும், சூரியனில் ஒரு துண்டுதான் தெரியும். நீளக்குழல் வெள்ளை ஒளிக்குத்தான்.

இன்னொரு கேள்வி. நீங்கள் எந்த நேரத்தில் பார்ப்பீர்கள்?

துறைமுகத்தான்
எனக்கு இரவுப் பணி. துறைமுகத்தில் வேலை முடிந்து காலை ஆறரைக்கு வீடு வந்து சேருவேன். வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை மட்டும் இரவு விடுமுறை. காலையில் தூக்கம் வரும்வரை மாடியில்தான் இருப்பேன்.

பெருவிட்டம்
அண்ணாச்சி! இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? நான் மூன்று நாளாக வியாழனுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

கொடைவாசி
அப்படியானால் கணக்கே வேறு. காலை எட்டு மணிக்குச் சூரியன் முப்பது பாகைக்குள்தான் இருக்கும். குழல் அவ்வளவாக நிமிராது, ஐபீஸும் அதிகம் தாழாது. ஸ்டூலில் உட்கார்ந்தே பார்க்கலாம். அந்த நேரம் சிமெண்ட் தளம் சூடேறியிருக்காது. ஒன்பது, ஒன்பதரைக்குமேல் விளிம்பு கொதிக்கிற பால் மாதிரி ஆடும், மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். முடிந்தால் ஒரு நாள் தண்ணீர் ஓரமாகக் கொண்டுபோய்ப் பாருங்கள். உதய்பூர் சூரிய ஆய்வகத்தை ஃபதே சாகர் ஏரிக்கு நடுவில் ஒரு தீவில் கட்டியதே இதற்காகத்தான். தண்ணீர் மண்ணைப் போல் சீக்கிரம் சூடாவதில்லை, மேலே காற்று அடங்கியிருக்கும்.

சூரியனில் 1 விகலை என்றால் 725 கி.மீ. 102 மி.மீ. லென்ஸில், காற்று நின்ற காலையில் புள்ளியின் கருமையம், சுற்றியுள்ள இழை இழையான அரைநிழல், விளிம்பருகே வெண்திட்டுகள், ரவை தூவியது போன்ற மேற்பரப்பு வரை எதிர்பார்க்கலாம். புள்ளியின் அரைநிழலில் வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று வானியலாளர் எவர்ஷெட் கண்டுபிடித்தது 1909 ஜனவரியில், கொடைக்கானலில்தான். அந்த ஓட்டம் உங்களுக்குத் தெரியாது, அதற்கு நிறமாலைமானி வேண்டும். ஆனால் அவர் பார்த்த இடத்தைப் பார்க்கலாம்.

பெருவிட்டம்
சரி, சூரியனுக்கு என்றால் குழலை வாங்குங்கள். மவுண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள், விலையைக் குறைத்துப் பேசுங்கள். மெல்லத் திருப்பும் கைப்பிடி உள்ள கனமான ஆல்ட்-அசிமுத் (மேல்கீழ், இடவலம் திரும்பும் தாங்கி) ஒன்று போதும். நூறு மடங்கில் சூரியன் பார்வைப் பரப்பைக் கடக்க இரண்டு நிமிஷம் ஆகும், கையாலேயே பின்தொடரலாம். ஆனால் கிரகத்துக்கு டாப்தான் என்பதில் நான் மாறவில்லை.

நீள்குழல்
நானும் மாறவில்லை.

துறைமுகத்தான்
நேற்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். லென்ஸில் பூஞ்சை இல்லை, ஓரத்தில் கொஞ்சம் தூசி. கொடைவாசி சொன்ன கறுப்புக் கண்ணாடி பெட்டிக்குள் அப்படியே இருந்தது. அவர்களிடம் விஷயத்தைச் சொல்லி அங்கேயே உடைத்தேன். மவுண்ட் நீங்கள் சொன்ன மாதிரியே 15 பாகைக்குக் கீழே இறங்கவில்லை. குழல், ஐபீஸ் மட்டும் 30,000க்கு முடிந்தது. எங்கள் மாடிப்படி திருப்பத்தில் குழல் வளையவில்லை, வெளியிலிருந்து கயிறு கட்டித்தான் மேலே ஏற்றினோம். கீழே நின்ற பக்கத்து வீட்டு ஆச்சி, "என்னப்பா, பீரங்கியா?" என்று கேட்டார். இப்போதைக்கு ஃபிலிமுக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன், வெட்ஜ் போனஸ் வந்த பிறகு.

பெருவிட்டம்
வருகிற சனிக்கிழமை ராத்திரி என் டாப்பை ஏற்றிக்கொண்டு வருகிறேன், அண்ணாச்சி. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நீள்குழல் சாரும் கோயம்புத்தூரிலிருந்து வரட்டும்.

நீள்குழல்
வருகிறேன். சிமெண்ட் கல் அங்கே கிடைக்குமா, இல்லை நானே கொண்டுவரட்டுமா?