சிரோசிஸ் ஆக்களின்ட ஓமோன் ரிப்போட்: ரி3 குறைஞ்சால் என்ன அர்த்தம்?

கன்னியா_லாப்:
திருகோணமலை ஆக்களுக்கு ஒரு கேள்வி. ஈரல் சிரோசிஸ் (ஈரல் தழும்பாகிப் பழுதாகிற நோய்), வயிற்றில நீர் உள்ள ஒருவரின்ட ரிப்போட் இப்பிடி: ஃப்ரீ ரி3 குறைவு, ஃப்ரீ ரி4 சாதாரணம் (இரண்டும் புரதத்தில ஒட்டாத தைரொயிட் ஓமோன்), ரிஎஸ்எச் (தைரொயிட்டைத் தூண்டிற ஓமோன்) சாதாரணம். காலை 8 மணிக் கோட்டிசோல் (சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற அதிரீனல் சுரப்பியின்ட ஓமோன்) லீற்றருக்கு 210 நனோமோல். வீட்டாக்கள் "தைரொயிட் குளிசை வேணுமோ, இன்னும் எவ்வளவு காலம் இருப்பார்" எண்டு கேக்கினம். இந்த எண்களை வச்சு ஏதும் சொல்லலாமோ? குருதியைக் கொழும்புக்கு அனுப்பிற நேரம் என்ன கவனிக்க வேணும்?

உப்புவெளிக்காரன்:
குளிசை வேண்டாம். ரி4இல இருந்து ஒரு அயடீனைக் கழட்டி ரி3 ஆக்கிற நொதி ஈரலிலதான் நிறைய இருக்கு. ஈரல் பழுதானால் அந்த வேலை குறையும். ரி4 மற்றப் பக்கம் திரும்பி, வேலை செய்யாத ரிவேர்ஸ் ரி3 ஆகும். தைரொயிட் சுரப்பியில பிழையில்லை, அதாலதான் ரிஎஸ்எச் ஏறேல்லை. ரிஎஸ்எச் 10க்கு மேல, கூடவே ஃப்ரீ ரி4 குறைவு எண்டால் தைரொயிட் சுரப்பியின்ட உண்மையான குறைபாடு எண்டு எடுக்கலாம்.

காலக் கணக்குக்கு வந்தால், சைல்ட்-பியூ எண்ட ஈரல் பழுதுத் தரத்தில, லேசான 'ஏ'யிலிருந்து கடுமையான 'சி'க்குப் போகப் போக ரி3 இறங்கும், இறங்கினவையில இறப்பும் கூட. ஆனா அது கூட்டமாப் பாத்த கணக்கு. ஒரு ஆளின்ட எண்ணைப் பாத்து மாதம் சொல்லேலாது. கிருமித்தொற்று, இரத்தவாந்தி எண்டு வாட்டில கிடக்கேக்க எடுத்தால் எவருக்கும் ரி3 விழும். தேறி ஆறு கிழமைக்குப் பிறகு எடுங்கோ. உணவுக்குழாய் நாளப் புடைப்புக்குக் குடுக்கிற புரொப்ரனலோலும், டோஸ் கூடினால், ரி3ஐக் கொஞ்சம் இறக்கும். மருந்துத் துண்டைப் பாக்காமல் கருத்து எழுதாதேங்கோ.

மூதூர்_மருத்துவம்:
கோட்டிசோலுக்கு வாறன். 210ஐப் பாத்துப் பயப்பிடத் தேவையில்லை, அலட்சியமும் வேண்டாம். லாப் அளக்கிறது மொத்தக் கோட்டிசோல். அதில பெரும்பகுதி ஒரு காவிப் புரதத்திலயும் அல்புமின் எண்ட குருதிப் புரதத்திலயும் ஒட்டிக்கொண்டு ஓடுது. இரண்டையும் செய்யிறது ஈரல். அல்புமின் லீற்றருக்கு 25 கிராமுக்குக் கீழ போனால் வேலை செய்யிற சுயாதீனக் கோட்டிசோல் போதுமா இருந்தும் மொத்தம் குறைவாத் தெரியும். சந்தேகமெண்டால் சினக்தென் (அதிரீனலைத் தூண்டிற மருந்து) 250 மைக்ரோகிராம் ஊசி போட்டு, போட முன்னமும், 30, 60 நிமிடத்திலயும் குருதி எடுங்கோ. ஏற்றம் 250 நனோமோலுக்குக் குறைவெண்டால் அதிரீனல் சுரப்பி ஈடுகுடுக்கேல்லை. கிருமித்தொற்றோட பிரஷர் இறங்கி, சேலைன் ஏத்தியும் நிமிராத ஆளில இந்த எண்ணுக்கு உண்மையான கனம் உண்டு. அந்த ஆளுக்கு முடிவு வரும்வரை ஸ்டீரொயிட் மருந்தை வச்சுக்கொண்டு காத்திருக்கவும் ஏலாது.

ஆண் ஓமோன் டெஸ்டோஸ்டிரோன் இதுக்கு எதிர்ப்பக்கம். அதின்ட காவிப் புரதம் சிரோசிஸில ஏறும். மொத்தம் சாதாரணமா இருக்க, சுயாதீனப் பங்கு விழுந்து கிடக்கும். ஆண்களில அது குறைஞ்சால் தசை கரைவும் சாவும் கூட எண்டு தெரியும். காலையிலதான் எடுக்க வேணும்; வயிற்று நீருக்குக் குடுக்கிற ஸ்பைரனோலக்டோன் குடிக்கிறவரோ எண்டும் கேளுங்கோ.

கன்னியா_லாப்:
நன்றி அண்ணை. அனுப்பிறது?

சீனக்குடா_எம்எல்ரி:
250 கிலோமீற்றருக்கு மேல, வெயில் நாடு. ரி3, கோட்டிசோலுக்கு உறைஞ்ச பிறகு சுழற்றி, சீரத்தைப் பிரிச்சு, குளிர்பெட்டியில அனுப்பினாப் போதும். ஏசிரிஎச் (அதிரீனலைத் தூண்டிற ஓமோன்) எண்டால் குருதி உறையாத ஈடிரிஏ ரியூப், எடுத்த உடனே ஐஸ். ரெனினுக்கு (சிறுநீரகம் விடுற நொதி) அப்பிடிச் செய்தால் கெட்டுது: பிளாஸ்மா உறையாத குளிரில நிண்டால் முன்ரெனின் ரெனினா மாறிப் பொய்யா ஏறும். அறை வெப்பத்தில பிரிச்சு, பிறகு சட்டெண்டு உறைய விடுங்கோ. உடம்பில நீரை மறிக்கிற ஓமோன் வாசோபிரசினை நேர அளக்கிறது பெரிய தலையிடி. அதோட சேந்து சுரக்கிற கோபெப்டின் அறை வெப்பத்திலயும் நாள்கணக்கா நிக்கும், ஆபத்தையும் நல்லாக் காட்டும். ஆனா எல்லா லாபிலயும் கிடைக்காது.

தலைமயிருக்குக் குடிக்கிற பயோட்டின் குளிசையையும் கேளுங்கோ. ஸ்ட்ரெப்டவிடின் முறைக் கிட்டில அது ரி3ஐப் பொய்யா ஏத்தி, ரிஎஸ்எச்சைப் பொய்யா இறக்கும். குறைஞ்சது இரண்டு நாள் நிப்பாட்டிப்போட்டு எடுங்கோ.

உப்புவெளிக்காரன்:
முக்கியமானதை விட்டிட்டன். இந்த ஓமோன் எல்லாத்துக்கும் முதல் மெல்ட் புள்ளியை (ஈரல் நோயில இறப்பு ஆபத்தைக் காட்டிற எண்) கணக்குப் பாருங்கோ: பிலிருபின் (மஞ்சள் நிறப்பொருள்), ஐஎன்ஆர் (குருதி உறையிற அளவு), கிரியேட்டினின் (சிறுநீரக அளவு) மூண்டும் போதும், சோடியமும் இருந்தால் நல்லம். இங்க பிழைக்கிறது அலகு. எங்கட ரிப்போட்டில லீற்றருக்கு மைக்ரோமோல், கணக்கில டெசிலீற்றருக்கு மில்லிகிராம். பிலிருபினை 17.1ஆலும் கிரியேட்டினினை 88.4ஆலும் பிரிக்க வேணும். பிலிருபின் 51, கிரியேட்டினின் 106, ஐஎன்ஆர் 1.6 எண்டால் சோடியம் சேர்க்காத மெல்ட் 18. பிரிக்காமல் அப்பிடியே போட்டால் 40 வரும். வீட்டாக்களிட்ட அந்த 40ஐச் சொல்லிப்போடாதேங்கோ.

கன்னியா_லாப்:
இனி ரிப்போட்டில இரண்டு அலகையும் பக்கத்தில பக்கத்தில அடிக்கிறன்.